கண்மணிக்குள் வீட்டு விலாசம்! தெரியுமா?

பாம்பன் சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்தக் கூடாது. யார் கேட்கிறார்கள்? மண்டபத்தைத் தாண்டிப் பாலம் ஏறியதுமே கார் ஓரங்கட்டும், கதவு திறக்கும், கை நீளும்... க்ளிக்! பின்னணியில் 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புது ரயில் பாலம். அதன் நடுவே 72.5 மீட்டர் நீளத்துக்கு ஒரு துண்டு, அப்படியே லிஃப்ட் மாதிரி மேலே எழும்பும்! முன்னால் நாம், கண்ணில் கூலிங் கிளாஸ். அந்தக் கண்ணாடியில் என்னென்ன பிரதிபலிக்கிறது என்று என்றைக்காவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறீர்களா?

ஜப்பானில் ஒருவன் பார்த்தான்! கண்ணாடியில்கூட இல்லை, கண்ணுக்குள்ளேயே! 2019-ல் டோக்கியோவில் ஓர் இளம் பாடகி தன் முகத்தைப் படமெடுத்துப் போட்டார். அவருடைய கண்மணியில் ஒரு ரயில் நிலையம் குட்டியூண்டாகத் தெரிந்தது. ரசிகன் அதைப் பெரிதாக்கினான். கூகுள் தெருப்படத்தோடு ஒப்பிட்டான். எந்த ஸ்டேஷன் என்று கண்டுபிடித்து, அங்கே போய்க் காத்திருந்து, பின்தொடர்ந்து, வீட்டு வாசலில் தாக்கியே விட்டான்! எந்த மாடி என்று எப்படித் தெரிந்ததாம்? அவர் போட்ட வீடியோக்களில் திரைச்சீலை எங்கே இருக்கிறது, ஜன்னல் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்தானாம்! போலீஸ் பிடித்தபோது அவன் வயது 26.

விலாசம் மட்டும்தானா போகும்? விரல் ரேகையும் போகும்! 2014-ல் ஜெர்மனியில் யான் கிரிஸ்லர் என்ற ஹேக்கர், பாதுகாப்பு அமைச்சரின் கட்டைவிரல் ரேகையை நகலெடுத்துக் காட்டினார். அமைச்சரைத் தொட்டாரா? இல்லை. பத்திரிகையாளர் சந்திப்பில் சாதாரண கேமராவில் எடுத்த படங்களே போதுமாக இருந்தன! அமைச்சர் யார் தெரியுமா? இன்று ஐரோப்பிய ஆணையத்தின் தலைவராக இருக்கும் உர்சுலா வான் டெர் லேயன்!

ராஜாவின் படுக்கையறைச் சுவரில்!

பிரபலங்களின் அந்தரங்கத்தை எட்டிப் பார்ப்பது இன்டர்நெட் வந்த பிறகு வந்த வியாதி என்று நினைக்கிறீர்களா? மண்டபத்திலிருந்து மேற்கே ராமநாதபுரம் வரை ஒரு பஸ் ஏறிப் போய் வாருங்கள். அரண்மனையில் ராமலிங்க விலாசம் இருக்கிறது. கிழவன் சேதுபதி கட்டியது. உள்ளே சுவர் முழுக்க ஓவியம். முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தில், ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்கு முன்பு தீட்டியவை. கீழே தஞ்சை மராட்டியரோடு போர், வெள்ளைக்காரர்களுக்குத் தர்பார். மாடிக்குப் போனால்? மன்னர் அந்தப்புரத்துப் பெண்களோடு உல்லாசமாக இருக்கும் காட்சிகள்! ஆனால் ஒரு வித்தியாசம். வரையச் சொன்னதே அரண்மனை. அதுவும் மாடியறைச் சுவரில், யார் பார்க்கலாம் என்பது ராஜா கையில்! இன்று தொல்லியல் துறை அருங்காட்சியகம். டிக்கெட் வாங்கினால் நாமும் பார்க்கலாம்.

ரசிகர் கூட்டம்? அதுவும் இந்தக் கரைக்குப் பழசுதான். 1897 ஜனவரி 26, யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் வந்த சுவாமி விவேகானந்தர் பாம்பனில் இறங்கினார். வரவேற்ற பாஸ்கர சேதுபதி என்ன செய்தார் தெரியுமா? சுவாமியின் வண்டியை மக்களோடு சேர்ந்து தானே இழுத்தார்! ராஜாவே இழுத்த வண்டி! இன்றைக்கு நடந்திருந்தால் எத்தனை செல்போன் மேலே எழும்பியிருக்கும்!

ஹீரோ ஜெயிலில், படம் ஹவுஸ்ஃபுல்!

தமிழ்நாட்டுக் கிசுகிசுவின் முதல் பெரிய ரத்தக்கறை எந்த வருடம் தெரியுமா? 1944!

சி.என். லட்சுமிகாந்தன். ஃபோர்ஜரி வழக்கில் தண்டனை பெற்று அந்தமான் வரை போய் வந்தவர். 1943-ல் ‘சினிமா தூது’ என்று ஒரு பத்திரிகை தொடங்கினார். எந்த நடிகர் எங்கே போனார், யாரோடு போனார்... இதுதான் சரக்கு. எழுதாமல் இருப்பதற்குப் பணம் கேட்டார் என்பது அன்றைய குற்றச்சாட்டு. பத்திரிகையோ சுடச்சுட விற்றது! தாங்க முடியாமல் எம்.கே. தியாகராஜ பாகவதர், என்.எஸ். கிருஷ்ணன், கோவை ஸ்டுடியோ அதிபர் ஸ்ரீராமுலு நாயுடு மூவரும் கவர்னர் ஆர்தர் ஹோப்பிடமே மனுக் கொடுத்தார்கள். லைசென்ஸ் ரத்து! ஓய்ந்தாரா? ‘இந்து நேசன்’ என்ற பெயரில் மறுபடி வந்தார்!

1944 நவம்பர் 8. சென்னை வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்தவரை வழிமறித்துக் குத்தினார்கள். குத்துப்பட்டவர் உடனே சாயவில்லை. வக்கீல் நண்பர் வீட்டுக்குப் போனார், பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனார், போலீசில் புகாரும் கொடுத்தார்! மறுநாள் இறந்தார்.

கைதானவர்கள் யார்? அன்றைய சூப்பர் ஸ்டாரும், அன்றைய காமெடி கிங்கும்! ஜூரி முறை இருந்த காலம். ஒன்பது பேரில் ஆறு பேர் குற்றவாளி என்றார்கள், மூன்று பேர் இல்லை என்றார்கள். கூடவே கைதான ஸ்ரீராமுலு நாயுடு விடுதலை. பாகவதருக்கும் என்.எஸ். கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை!

இனிமேல்தான் ஆச்சரியம். பாகவதரின் ‘ஹரிதாஸ்’ 1944 தீபாவளிக்கு வெளியான படம். சென்னை பிராட்வே தியேட்டரில் ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. 1944 தீபாவளி, 1945 தீபாவளி, 1946 தீபாவளி... மூன்று தீபாவளி கண்ட படம்! நூறு வாரங்களுக்கு மேல்! அந்த நாட்களில் பெரும்பகுதி ஹீரோ எங்கே இருந்தார்? கம்பிக்குப் பின்னால்! திரையில் அவர் பாடப் பாட ஜனம் சொக்கிப்போய்க் கேட்டது.

வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி வந்தது. 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலை. ஆனால் பாகவதரின் மவுசு திரும்பவில்லை. 1959-ல் இறந்தபோது அவருக்கு 49 வயதுதான். அப்படியானால் லட்சுமிகாந்தனைக் கொன்றது யார்? எண்பது வருடமாகியும் விடை இல்லை!

அது இரண்டாம் உலக யுத்தகாலம். அப்போது ராமேஸ்வரத்துக்குச் செய்தி எப்படி வந்தது தெரியுமா? அங்கே ரயில் நிற்பதை நிறுத்திவிட்டார்கள். ஓடும் ரயிலிலிருந்து பேப்பர் கட்டைத் தூக்கி வெளியே எறிவார்கள். ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே அதைப் பொறுக்கியெடுக்க அண்ணன் முறையுள்ள ஷம்சுதீனுக்கு ஒரு பொடியன் உதவி செய்தான். அவன்தான் பின்னாளில் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம்! கட்டு கைதவறினால் அன்றைக்கு ஊருக்கே செய்தி கிடையாது. கிசுகிசுவும் கிடையாது!

பெயர் சொல்லாத கலை

லட்சுமிகாந்தன் பட்ட பாட்டைப் பார்த்தோ என்னவோ, பிறகு வந்த பத்திரிகைகள் ஒரு தந்திரம் கண்டுபிடித்தன. பெயரே போடாதே! ‘மூன்றெழுத்து நடிகை’, ‘பால் நடிகர்’, ‘உயர இயக்குநர்’... கோர்ட்டுக்குப் போனால் ‘அது நான்தான்’ என்று அவரே ஒப்புக்கொள்ள வேண்டும்! சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும். டீக்கடைகளில் கிசுகிசு படிப்பது பாதி, அது யார் என்று சண்டை போடுவது மீதி.

இன்னொன்று தெரியுமா? குமுதத்தில் ‘லைட்ஸ் ஆன்’ எழுதிய வினோத் யார்? அப்படி ஓர் ஆளே கிடையாது! எழுதியவர் ரா.கி. ரங்கராஜன். சூர்யா, ஹம்சா, மாலதி, கிருஷ்ணகுமார் என்று இன்னும் பல பெயர்கள் அவருக்கு. ஊரார் ரகசியத்தை எழுதியவரே முகமூடி போட்டிருந்தார்!

புயலில் மாட்டிய நட்சத்திரங்கள்

1964 டிசம்பர் 22. ஜெமினி கணேசனும் சாவித்திரியும் எங்கே இருந்தார்கள் தெரியுமா? ராமேஸ்வரத்தில்! தனுஷ்கோடி பக்கம் போய்விட்டுத் திரும்பித் தங்கியிருந்தார்கள். அன்றிரவு புயல்! பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயிலையே அலை அடித்துக்கொண்டு போயிற்று. ரயிலில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. பாம்பன் பாலமும் உடைந்தது, தந்திக் கம்பியும் அறுந்தது. அன்றைய தென்னிந்தியாவின் மிகப் பிரபலமான ஜோடி ஒரு தீவில் அகப்பட்டிருக்க, ஒரு படம் இல்லை, ஒரு லைவ் இல்லை!

இந்த ஜோடியின் ரகசியத் திருமணமே எப்படி வெளியில் வந்ததாகச் சொல்வார்கள் தெரியுமா? ஒரு சோப்பு விளம்பரத்தால்! லக்ஸ் விளம்பரத்துக்குக் கையெழுத்துப் போட்டபோது சாவித்திரி ‘சாவித்திரி கணேஷ்’ என்று எழுதிவிட்டாராம். ஒட்டிக்கொண்ட ஒரே ஒரு பெயர்... போயிற்று ரகசியம்!

அதே சாவித்திரி கடைசியில் 19 மாதம் கோமாவில் கிடந்து, 1981 டிசம்பர் 26-ல் இறந்தார். நினைவில்லாமல் படுத்திருந்த அவரைப் படமெடுத்துப் போட்டதை மட்டும் எனக்கு இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. அவரிடம் யார் அனுமதி கேட்டிருக்க முடியும்?

இப்போது 2018 பிப்ரவரி 21-க்கு வாருங்கள். கமல்ஹாசன் கட்சி தொடங்குகிறார். முதல் அடி எங்கே? ராமேஸ்வரத்தில் கலாம் வீட்டில்! கலாமின் மூத்த அண்ணனைப் பார்த்தார், மீனவர்களைப் பார்த்தார், மாலையில் மதுரையில் கொடி ஏற்றினார். எல்லாமே டிவியில் நேரலை! ஜெமினி-சாவித்திரிக்கு ஒரு ராத்திரி முழுக்கக் கிடைத்த மறைவு, கமலுக்குத் தெருவைக் கடக்கும் நேரம்கூடக் கிடைக்கவில்லை!

ஆறு முறை, நாலு லட்சம் பேர்!

மண்ணரிப்பு பற்றி மண்டபம்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கலிபோர்னியாவிலும் அதே தொல்லை. அங்கே கென்னத் அடெல்மன் என்பவர் கடலரிப்பைப் பதிவு செய்ய ஹெலிகாப்டரில் பறந்து கரை நெடுக 12,000 படம் எடுத்து இணையத்தில் போட்டார். 3850-ம் எண் படத்தில் ஒரு மாளிகை. யாருடையது? பாடகி பார்பரா ஸ்ட்ரைசாண்டுடையது! 2003-ல் வழக்குப் போட்டார். எவ்வளவு நஷ்டஈடு? ஐந்து கோடி டாலர்!

வழக்குக்கு முன்பு அந்தப் படத்தை எத்தனை முறை இறக்கியிருந்தார்கள் தெரியுமா? மொத்தமே ஆறு முறை! அதில் இரண்டு அவருடைய வக்கீல்கள்! வழக்கு செய்தியானதும் ஒரே மாதத்தில் வந்து பார்த்தவர்கள் 4,20,000-க்கும் மேல்! கடைசியில் வழக்கும் தோற்றது. மூடி மறைக்கப் போய் ஊருக்கே காட்டிவிடும் இந்தக் கூத்துக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள், ஸ்ட்ரைசாண்ட் விளைவு என்று!

டாக்ஸியில் போனால் தப்பிக்கலாமா? 2013-ல் நியூயார்க் டாக்ஸிகள் ஓடிய 17.3 கோடி சவாரிகளின் விவரம் வெளியானது. பயணி பெயர் எதுவும் கிடையாது! ஆனால் நடிகர் பிராட்லி கூப்பர் டாக்ஸி ஏறும் படம் ஏற்கெனவே பத்திரிகையில் வந்திருந்தது. படத்தில் டாக்ஸி நம்பர் தெரிந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தார் ஒரு மாணவர். எங்கே இறங்கினார், எவ்வளவு கட்டணம் கொடுத்தார்... எல்லாம் அம்பலம்!

விமானத்தில்? எலான் மஸ்கின் விமானம் எங்கே இறங்குகிறது என்று ஒரு கல்லூரிப் பையன் ட்விட்டரில் போட்டுக்கொண்டே இருந்தான். நிறுத்தினால் 5,000 டாலர் தருகிறேன் என்றார் மஸ்க். பையன் என்ன சொன்னான் தெரியுமா? 50,000 கொடுங்கள்!

காட்டுக்குள்? 2012-ல் போலீசுக்குப் பயந்து ஓடிக்கொண்டிருந்த ஜான் மெக்காஃபியை ஒரு பத்திரிகை ரகசியமாகச் சந்தித்துப் படம் போட்டது. படத்துக்குள்ளேயே ஜிபிஎஸ் எண்கள் ஒட்டிக்கொண்டிருந்தன! குவாத்தமாலாவில் எந்த இடம் என்று உலகமே பார்த்தது. வைரஸ் தடுப்பு சாஃப்ட்வேர் செய்து பெயர் வாங்கியவருக்கே இந்தக் கதி!

கொலைகாரன் தந்த உரிமை!

இந்தியாவில் அந்தரங்க உரிமைக்கு வழிகாட்டிய பெரிய தீர்ப்புகளில் ஒன்று யாரால் வந்தது தெரியுமா? ஆட்டோ சங்கரால்! ஆமாம், அதே ஆட்டோ சங்கர்! சிறையில் அவர் எழுதிய தன்வரலாற்றில் பல போலீஸ் அதிகாரிகளின் தொடர்பு வெளிவரும் என்ற பேச்சு. நக்கீரன் வெளியிடப் போகிறது என்றதும் சிறைத்துறை தடுக்கப் பார்த்தது. 1994 அக்டோபர் 7-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இரண்டு. ஒன்று, ஒவ்வொருவருக்கும் தன்பாட்டில் விடப்படும் உரிமை உண்டு. இரண்டு, பொது ஆவணத்தில் உள்ளதை எழுதலாம். அதிகாரிகள் முன்கூட்டியே தடுக்க முடியாது! ஆறே மாதம் கழித்து, 1995 ஏப்ரல் 27-ல் சேலம் சிறையில் சங்கருக்குத் தூக்கு. அவர் பெயரோடு கிடைத்த உரிமையைத்தான் இன்றும் நட்சத்திரங்கள் கோர்ட்டில் காட்டுகிறார்கள்!

2017 ஆகஸ்ட் 24-ல் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். தீர்ப்பு 547 பக்கம்! வழக்குத் தொடுத்த ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமிக்கு அப்போது வயது 91!

ரஜினி? 2014-ல் ‘மே ஹூம் ரஜினிகாந்த்’ என்ற இந்திப் படத்தை எதிர்த்துச் சென்னை உயர்நீதிமன்றம் போனார், 2015-ல் ஜெயித்தார். படத்தின் பெயரே மாறிற்று! அனில் கபூர் இன்னும் ஒரு படி மேலே. 2023-ல் டெல்லி உயர்நீதிமன்றத்தில் தன் பெயர், முகம், குரலோடு ‘ஜக்காஸ்’ என்று தான் சொல்லும் தோரணைக்கும் காவல் வாங்கினார்!

செத்த பிறகு? அங்கேதான் இடிக்கிறது. ஜெயலலிதா வாழ்க்கைப் படமான ‘தலைவி’ வழக்கில், ஒருவரின் அந்தரங்க உரிமை அவரோடேயே முடிந்துவிடுகிறது, வாரிசுக்குச் சொத்தாக வராது என்று 2021-ல் சென்னை உயர்நீதிமன்றம் சொல்லிவிட்டது! ஆனால் குரல் சாவதில்லையே! 2024-ல் ‘லால் சலாம்’ படத்தில் ‘திமிறி எழுடா’ பாடியது யார் தெரியுமா? 2022-ல் காலமான பம்பா பாக்யாவும், 1997-ல் காலமான சாகுல் ஹமீதும்! ஏ.ஐ. உபயம்! குடும்பத்திடம் அனுமதி கேட்டு, பணமும் கொடுத்தோம் என்றார் ஏ.ஆர். ரஹ்மான். கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. தோன்றாதவர்களை என்ன செய்வது?

நாம் என்ன நடிகரா?

நம்மை யார் பார்க்கப் போகிறார்கள் என்கிறீர்களா? 2013-ல் 15 லட்சம் பேரின் செல்போன் தடங்களை 15 மாதத்துக்கு எடுத்து ஆராய்ந்தார்கள். பெயர் கிடையாது, நம்பர் கிடையாது. ஒருவர் எந்த நேரம் எங்கே இருந்தார் என்ற குறிப்பு எத்தனை இருந்தால் ஆளைத் தனியாகப் பிரித்துவிடலாம்? ஐம்பது? நூறு? நான்கே நான்கு! 95 சதவீதம் பேர் அதில் அகப்பட்டார்கள்!

நம் கரையில் போன் இன்னொரு வேடிக்கையும் செய்யும். தனுஷ்கோடி அரிச்சல்முனையில் நின்றால் சில சமயம் இலங்கை டவர் பிடித்துக்கொண்டு, ‘இலங்கைக்கு நல்வரவு’ என்று மெசேஜ் வரும்! தலைமன்னார் 30 கிலோமீட்டர்கூட இல்லையே!

ஆளைப் பதிவு செய்வதில் மண்டபத்துக்கு நூறு வருட அனுபவம், தெரியுமா? வெள்ளைக்காரன் காலத்தில் சிலோன் தோட்டங்களுக்குப் போனவர்களை மண்டபம் கேம்ப்பில் இறக்கி, பெயர் எழுதி, கொள்ளைநோய் இருக்கிறதா என்று உடம்பைச் சோதித்து, சில நாள் வைத்திருந்துதான் கப்பலேற்றினார்கள். அந்தக் கேம்ப்பை நடத்தியது யார்? சிலோன் அரசாங்கம்! இந்திய மண்ணில்! 1983-க்குப் பிறகு அதே மண்டபத்தில் இலங்கைத் தமிழர் முகாம். எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று இன்றும் வரிசையில் நிற்கவைத்துத் தணிக்கை நடக்கிறது. க்யூ பிராஞ்ச் போலீஸின் கண் எப்போதும் மேலே இருக்கிறது. அனில் கபூருக்குக் கிடைத்த மாதிரி ஒரு தடையுத்தரவு இவர்களில் யாருக்காவது கிடைத்ததுண்டா? 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் நிறுவனங்களுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் போடலாமாம்! அரசாங்கத்துக்கு மட்டும் அதே சட்டத்தில் தாராளமான விலக்கு!

மீனவர்கள்? 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு பயோமெட்ரிக் கார்டு வந்தது. இப்போது இஸ்ரோ வடிவமைத்த டிரான்ஸ்பாண்டர் நாடு முழுக்க ஒரு லட்சம் படகுகளுக்கு இலவசமாக வருகிறது. எல்லையைத் தாண்டப் போனால் எச்சரிக்கும், ஆபத்தென்றால் கரைக்குச் சொல்லும். உயிர் காக்கும் பெட்டி, வேண்டாம் என்று யார் சொல்வார்? ஆனால் படகு எங்கே நிற்கிறது என்பதும் கரையில் ஒரு திரையில் புள்ளியாகத் தெரியுமே! அங்கேதான் மீனவருக்குக் கொஞ்சம் உறுத்தல். எந்த நடிகை யாரைக் கட்டினால் என்ன? வடகடலிலும் தென்கடலிலும் மீன் எங்கே கிடக்கிறது என்பதுதான் இங்கே பெரிய ரகசியம்! நல்ல பாடு கிடைத்த இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறித்து வைத்துக்கொண்டு, ‘இன்னைக்கு எங்கண்ணே போனீக?’ என்று பக்கத்துப் படகுக்காரர் கேட்டால், ‘சும்மா அந்தப் பக்கந்தாம்ப்பா’ என்று கிழக்கே போனவர் மேற்கே கை காட்டுவார்!